ஈரல் மாற்று சிகிச்சை: கட்டளைகளுக்குப் பின்னால் உள்ள சரித்திரம்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒருவர் நோய்வாய்ப்பட்டால், நோயின் துன்பத்தோடு மொழியின் இடரும் வந்து சேர்ந்துகொள்கிறது. டாக்டர் இந்தியிலோ மராட்டியிலோ வங்காளியிலோ சொல்வதை மகன் பாதி புரிந்துகொண்டு, தாயாருக்கு அதில் பாதியைச் சொல்கிறான். தலைநகரில் மொழிபெயர்ப்புப் பணியில் காலங்கழிக்கும் நம்மிடம், அலுவலகக் காகிதங்களோடு இத்தகைய குடும்பங்களின் காகிதங்களும் அவ்வப்போது வருவதுண்டு. சில மாதங்களுக்கு முன் அவ்வாறு வந்தது ஓர் அறிவுரைத் தாள். கல்லீரல் மாற்றிப் பொருத்தப்படவிருந்த ஒருவருக்கு மருத்துவமனை கொடுத்தது. மருந்தை ஒரு வேளையும் தவறவிடலாகாது. தொலைபேசியை எப்போதும் அருகில் வைத்திருக்க வேண்டும். ஈரல் தருபவர் தனியே விசாரிக்கப்படுவார். உறவைக் காட்டும் சான்றுகளைக் கொண்டுவர வேண்டும் என்று இரண்டு பக்கங்களில் கட்டளைகள் வரிசையாக இருந்தன. காரணங்கள்தாம் இல்லை.

நோயாளியின் மனைவியார் அறுபது வயதைக் கடந்தவர். பல ஆண்டுகள் தில்லியில் வசித்தும் தமிழன்றி வேறு மொழி வாசிக்க அறியாதவர். நம் தமிழாக்கத்தைப் படித்துக் காட்டியபோது பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "ஏன் தம்பி, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டால் சரிதானே? அப்புறமும் ஆயுசு முழுக்க மருந்து எதற்கு?" என்று வினவினார். நியாயமான வினா. அதற்கு விடை தேடிப் புகுந்தபோது, அந்தத் தாளின் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஓர் ஆண்டும், ஒரு தோல்வியும், அத்தோல்வியிலிருந்து கற்ற பாடமும் இருக்கக் கண்டோம். அந்தச் சரித்திரத்தையே இங்குச் சொல்ல முற்படுகிறோம். காரணம் தெரிந்தவருக்குக் கட்டளை பாரமாகத் தோன்றாது அன்றோ?

முதலில் ஈரலைப் பற்றிச் சில சொற்கள். வலப்புற விலா எலும்புகளின் மறைவில், ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையோடு இருக்கும் இவ்வுறுப்பு, உடலின் உள்ளுறுப்புகளில் மிகப் பெரியது. உண்ட உணவின் சத்தைச் சேமித்து வைப்பதும், கொழுப்பு சீரணிக்கப் பித்தம் சுரப்பதும், ரத்தம் உறைவதற்கு வேண்டிய பொருள்களை ஆக்குவதும், நச்சுகளை முறிப்பதும் இதன் தொழில்கள். சிறுநீரகம் பழுதுற்றால் ரத்தத்தைச் சுத்திகரிக்க இயந்திரம் உண்டு. ஈரலின் வேலைகள் அனைத்தையும் ஏற்று நெடுநாள் நடத்தக்கூடிய இயந்திரம் இன்றளவும் இல்லை.

மஞ்சட்காமாலைக் கிருமிகளில் பி, சி என்னும் வகைகள், மதுப் பழக்கம், மிகைக் கொழுப்பு முதலியவற்றால் ஆண்டுக்கணக்கில் புண்பட்டுத் தழும்பேறிய ஈரல் முடிவில் இறுகிச் சுருங்குகிறது. இதனை மருத்துவர் ஸிரோஸிஸ் என்பர். வயிற்றில் நீர் கோத்து மகோதரம் காண்பதும், ரத்த வாந்தி எடுப்பதும், அறிவு தடுமாறுவதும் ஈரல் தோற்றுவருவதன் அடையாளங்கள். குழந்தைகளுள் சிலருக்குப் பித்தக் குழாய்கள் பிறந்த சில வாரங்களிலேயே அடைபட்டிருப்பதால் இந்நிலை வருகிறது. இவர்களுக்கெல்லாம் மாற்று ஈரல் பொருத்தலாம் என்னும் எண்ணம் எப்போது பிறந்தது?

1954 டிசம்பரில் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில், ஜோசப் மர்ரே என்னும் ரண சிகிச்சை நிபுணர் ஒருவருடைய சிறுநீரகத்தை அவருடைய இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். அதற்கடுத்த ஆண்டில், ஆல்பனி நகரின் ஸ்டுவர்ட் வெல்ச் என்பார் நாய்களுக்கு இன்னோர் ஈரலைப் பொருத்திப் பார்த்த சோதனைகளை வெளியிட்டார். மனிதருக்கு அதனைச் செய்யத் துணிந்தவர் தாமஸ் ஸ்டார்ஸல். 1963 மார்ச் 1-ஆம் தேதி, டென்வர் நகரில், பித்தக் குழாய் அடைபட்ட மூன்று வயதுக் குழந்தைக்கு அவர் அச்சிகிச்சையைத் தொடங்கினார். ஈரல் கெட்டிருந்தமையால் குழந்தையின் ரத்தம் உறையும் தன்மையை இழந்திருந்தது. பெருக்கெடுத்த ரத்தத்தை நிறுத்த முடியவில்லை. ரண சிகிச்சை மேசையிலேயே குழந்தை உயிர் நீத்தது. அவ்வாண்டில் மேலும் சிலருக்குச் செய்தனர். ஒருவரும் ஒரு மாதத்தைக் கடக்கவில்லை. மனிதருக்கு இதனைச் செய்வதில்லை என்று தாமே தடை விதித்துக்கொண்டு, மருத்துவர்கள் மீண்டும் ஆராய்ச்சிக்கூடத்துக்குச் சென்றனர்.

1967 ஜூலையில் அத்தடை நீங்கியது. ஈரலில் புற்றுநோய் கண்டிருந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்கு ஸ்டார்ஸல் மாற்று ஈரல் பொருத்தினார். அக்குழந்தை ஓராண்டுக்கு மேல் வாழ்ந்தது. பின்னர் அதே புற்றுநோய் பரவி மாண்டது. மறு ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ராய் கேல்ன் இச்சிகிச்சையைத் தொடங்கினார். இவ்விதம் 1967-க்குள் ஈரலை வெட்டியெடுக்கவும், வேறோர் ஈரலை இருத்தி ரத்தக் குழாய்களைத் தைக்கவும் கை பழகிவிட்டது. எனினும் அடுத்த பத்தாண்டுக்கு மேலாகச் சிகிச்சை பெற்றோரில் ஓராண்டைக் கடந்தவர் ஏறக்குறைய மூன்றில் ஒருவரே. அம்மூதாட்டியாரின் வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த பின்னரும் மூவரில் இருவர் மாண்டார்கள்.

காரணம் யாது? நம் உடலின் காவற்படைக்குத் தன்னது, அயலது என்ற பேதம் நன்கு தெரியும். நோய்க் கிருமியை அயல் எனக் கண்டு அழிக்கும் அதே சக்தி, உயிர் காக்க வந்த புதிய ஈரலையும் அயல் என்றே கொண்டு தாக்குகிறது. அந்நாளில் அதனைத் தணிக்க அஸதியோப்ரினும் ஸ்டீராய்டு மருந்துகளும் இருந்தன. குறைத்துக் கொடுத்தால் உடல் ஈரலை அழித்தது. மிகுத்துக் கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி முற்றும் ஒடுங்கி, சாதாரணக் கிருமிகளே நோயாளியைக் கொன்றன.

இந்த இக்கட்டிலிருந்து வழிகாட்டியது மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை. நார்வே நாட்டு மலைப்பீடபூமி ஒன்றிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட மண்ணில் இருந்த அதனின்று, ஸ்விட்ஸர்லாந்தின் பாசல் நகரில் ஸாண்டோஸ் கம்பெனியின் விஞ்ஞானிகள் சைக்ளோஸ்போரின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். காவற்படை முழுவதையும் முடக்காமல், புதிய உறுப்பைத் தாக்கும் அணுக்களையே பெரும்பாலும் தணிக்கும் தன்மை அதற்கு உண்டென்பது 1970-களில் தெரியவந்தது. 1978-இல் கேல்ன் அதனை மனிதருக்குக் கொடுத்தார்; 1980-இல் ஸ்டார்ஸல் ஈரல் நோயாளிகளுக்குக் கொடுத்தார். மூவரில் ஒருவர் பிழைத்த நிலை மாறி, மூவரில் இருவர் ஓராண்டைக் கடக்கலாயினர். 1983 ஜூனில் அமெரிக்க தேசிய சுகாதார நிலையங்கள் கூட்டிய நிபுணர் மாநாடு, ஈரல் மாற்றுதல் இனிச் சோதனையன்று, சிகிச்சையே என்று முடிவு கூறியது. அடுத்த ஆண்டில் ஜப்பானின் ட்ஸுகுபா பகுதி மண்ணிலிருந்து மற்றொரு மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. டாக்ரோலிமஸ் என்னும் பெயரில் அதுவே இன்று பெரும்பாலோர் உட்கொள்வது. இன்று தேர்ந்த மருத்துவமனைகளில் இச்சிகிச்சை பெறுவோரில் நூற்றுக்கு 85 முதல் 90 பேர் ஓராண்டைக் கடக்கின்றனர். 70 பேருக்கு மேல் ஐந்தாண்டைக் கடக்கின்றனர்.

ஆகவே கத்தியின் பணி ஒரு நாளில் முடிகிறது. மருந்தின் பணி முடிவதில்லை. புதிய ஈரல் எத்தனை ஆண்டு கழிந்தாலும் உடலின் கண்ணுக்கு அயலதே. ஈரலை உடல் தாக்கத் தொடங்கும்போது பல சமயம் வலியோ காய்ச்சலோ இராது. ரத்தப் பரிசோதனையில்தான் முதலில் புலப்படும். உடனே கண்டால் பெரும்பாலும் மருந்தாலேயே அடக்கிவிடலாம். இதனாலேயே உடம்பு நன்றாக இருக்கும்போதும் குறித்த நாளில் பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். அந்நாளில் ரத்தம் கொடுத்த பின்னரே காலை மருந்தை உட்கொள்ள வேண்டும். முன்னரே உட்கொண்டால் ரத்தத்தில் மருந்தின் அளவு தவறாகத் தெரியும். ஒரு கம்பெனியின் மாத்திரைக்குப் பதில் வேறு கம்பெனியின் மாத்திரையைக் கடைக்காரர் கொடுத்தால், டாக்டரைக் கேளாமல் ஏற்கலாகாது. பம்பளிமாஸ் போன்ற சில பழங்களும், சில நாட்டு மருந்துகளும், வலி மாத்திரைகளும் இம்மருந்துகளோடு சேர்ந்து கேடு விளைவிக்கும். ஊருக்கு ரயிலேறும் அன்பர்கள், பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கான மருந்தைப் பெட்டியில் பூட்டிவிடாமல் கைப்பையில் வைத்துக்கொள்வது நலம்.

தணிக்கப்பட்ட காவற்படைக்குக் கிருமிகளை எதிர்க்கும் வலிமையும் குறைவு. காய்ச்சல் கண்டால், வீட்டில் இருக்கும் மாத்திரையைப் போட்டுப் பார்ப்போம் என்று காத்திராமல் மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். கொதித்தாறிய நீரும், சுடச்சுடச் சமைத்த உணவும் நல்லவை. உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பு மருந்துகள் ஆகா. இம்மருந்துகளால் நீரிழிவும் ரத்த அழுத்தமும் தோன்றலாம், சிறுநீரகம் தளரலாம், எனவே அவற்றையும் கண்காணிப்பார்கள். மது அறவே கூடாது. இவற்றையெல்லாம் கேட்டு அஞ்ச வேண்டுவதில்லை. உரிய பாதுகாப்போடு உத்தியோகம் பார்ப்போரும், மகப்பேறு கண்ட பெண்மணிகளும் எல்லா நாடுகளிலும் இருக்கின்றனர்.

இனி, எந்தக் கட்டத்தில் மாற்றுவது என்னும் வினா. சிலர் நோயின் பெயரைக் கேட்டவுடனே மாற்றிவிடலாமா என்பர். வேறு சிலர், ஆபரேஷன் என்றதும் அஞ்சி, படுக்கையில் விழுந்த பின்னரே வருவர். இரண்டும் பிழை. ஈரல் முற்றும் சீர்கெட்ட நிலையில் கத்தி வைப்பது எத்துணை ஆபத்து என்பதை 1963-இன் அனுபவமே உணர்த்திற்று. ரத்தத்தில் பித்த நிறப்பொருளின் அளவு, ரத்தம் உறைய எடுக்கும் நேரம், சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றைக் கொண்டு 6 முதல் 40 வரை மதிப்பெண் இடும் ஒரு முறையை 2002 முதல் அமெரிக்காவில் காத்திருப்போர் வரிசைக்குக் கைக்கொண்டனர். நம் நாட்டு மருத்துவர்களும் அதனைப் பயன்படுத்துகின்றனர். பொதுவாக 15-ஐத் தொட்டால் மாற்றுதல் பற்றிப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது எனலாம். புற்றுநோய்க்கு வேறு கணக்கு. 1967-இல் மாற்று ஈரல் பெற்ற குழந்தையைப் போலப் பலருக்கு நோய் திரும்பியதைக் கண்டபின், 1996-இல் இத்தாலியின் மிலான் நகர மருத்துவர்கள் ஓர் எல்லை வகுத்தார்கள்: கட்டி ஒன்றாயின் 5 சென்டிமீட்டருக்குள், மூன்று வரை இருப்பின் ஒவ்வொன்றும் 3 சென்டிமீட்டருக்குள். "இவருக்கு மாற்றுவது பயன் தராது" என்று டாக்டர் சொல்வது கைவிடுதல் அன்று. பிறர் பட்ட துன்பத்தினின்று கற்ற விவேகம்.

தொலைபேசியைப் பற்றிய கட்டளைக்கும் ஒரு கதை உண்டு. இறந்தவர் உடலினின்று எடுத்த ஈரலை முற்காலத்தில் ஆறு, எட்டு மணி நேரத்துக்கு மேல் காத்தல் அரிதாயிருந்தது. 1987-இல் விஸ்கான்ஸின் பல்கலைக்கழகத்தில் பெல்ஸரும் ஸதர்டும் ஆக்கிய ஒரு திரவத்தில் குளிரவைத்ததும் அக்காலம் நீண்டது. அப்போதும் விரைந்து பொருத்தப்படும் ஈரலே நன்கு பிழைக்கும். எனவே வரிசையில் இருப்பவர், நள்ளிரவில் அழைப்பு வரினும் உடனே புறப்பட ஆயத்தமாய் இருத்தல் வேண்டும். நூறு கல் தொலைவிலுள்ள உறவினர் திருமணத்துக்குச் செல்வதையும் மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டே செல்ல வேண்டும்.

ஈரலுக்கு வேறு எவ்வுறுப்புக்கும் இல்லாத ஒரு சிறப்புண்டு. வெட்டியெடுத்தால் மீண்டும் வளரும். இதனைக் கொண்டு, உயிரோடிருப்பவரின் ஈரலில் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்தலாம் எனத் துணிந்தனர். 1988-இல் பிரேஸிலின் சாவோ பாவ்லோ நகரில் நடந்த முதல் முயற்சியில் குழந்தை பிழைக்கவில்லை. 1989 ஜூலையில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ரஸல் ஸ்ட்ராங் என்பார் ஒரு ஜப்பானியத் தாயின் ஈரலில் ஒரு பகுதியை அவருடைய மகனுக்குப் பொருத்தி வெற்றி கண்டார். பின்னர் பெரியவர்களுக்கும் இம்முறை வந்தது; இந்தியாவில் இன்று நடப்பவற்றில் பெரும்பகுதி இவ்வகையே. ரத்த வகை பொருந்தினால் பொதுவாகப் போதும். சிறுநீரகத்துக்குப் போலத் திசுப் பொருத்தம் பார்க்கும் கட்டாயம் இல்லை. தந்தவரின் எஞ்சிய ஈரல் சில வாரங்களிலேயே பெரும்பாலும் வளர்ந்துவிடுகிறது. இரண்டு மூன்று மாதங்களில் அவர் தம் வேலைக்குத் திரும்பலாம்.

ஆயினும் ஓர் உண்மையை மறைப்பது அறமாகாது. ஈரல் தருபவர் நோயாளி அல்லர். அவருக்கு அந்த ரண சிகிச்சையால் உடல்நலம் யாதும் இல்லை. அவரது உயிருக்கே ஆபத்து நேர்வது, எடுக்கும் அளவைப் பொறுத்து, ஆயிரத்தில் ஒருவர் முதல் ஐவர் வரை என்பது உலக அனுபவம். இதனாலேயே அவரைத் தனியே அழைத்து, உம் மனமார இசைகின்றீரா என்று கேட்கின்றனர். கடைசி நிமிஷம் வரை அவர் மறுக்கலாம். தருபவர் பெண்ணாயின் மேலும் எச்சரிக்கை வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. உயிரோடு உறுப்பு ஈவோரில் பெரும்பாலோர் பெண்களாய் இருக்கும் நம் நாட்டில் இவ்விதி வெறும் சம்பிரதாயம் அன்று. மருமகளோ மனைவியோ தங்கையோ மௌனமாய் இருந்தால், அம்மௌனத்தைச் சம்மதம் என்று குடும்பத்தார் எடுத்துக்கொள்ளலாகாது.

நம் நாட்டில் 1980-களில் வறியவரின் சிறுநீரகங்கள் விலைக்கு வாங்கப்பட்ட அவலம் இருந்தது. அதனை ஒடுக்கவும், மூளைத் தண்டு செயலிழந்தால் அதுவும் மரணமே என ஏற்கவும் 1994-இல் மனித உறுப்புகள் மாற்றுச் சட்டம் வந்தது. அம்மரணத்தை நான்கு மருத்துவர் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்து உறுதி செய்தல் வேண்டும். 2011-இல் சட்டம் திருத்தப்பட்டு, உறுப்பை விலை பேசுவோர்க்கு 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும், 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்பட்டன. பாட்டன் பாட்டியரும் பேரப்பிள்ளைகளும் நெருங்கிய உறவினர் வரிசையில் சேர்க்கப்பட்டனர். 1998 நவம்பரில் தில்லி இந்திரப்பிரஸ்தா அப்போலோ மருத்துவமனையில் நம் நாட்டில் முதன்முதலாக ஒரு குழந்தைக்கு இச்சிகிச்சை வெற்றி பெற்றது. அக்குழந்தை தமிழ்நாட்டிலிருந்து சென்றது. ஈரல் ஈந்தவர் அதன் தந்தை. அக்குழந்தை வளர்ந்து தானும் மருத்துவனாயிற்று என்பது, வெளியூர் வந்து வைத்தியம் பார்க்கும் நம்மவர்க்கு நெஞ்சில் நிறுத்தத் தக்க செய்தி.

இறந்தோர் ஈயும் உறுப்புகளை ஒழுங்கான வரிசைப்படி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2008-இல் வகுத்து, பிற மாநிலங்களுக்கு முன்னோடியாக நின்றது. தேசிய அளவில் தில்லியிலும், மண்டல அளவில் சென்னை, மும்பை, கொல்கத்தா, சண்டீகர், குவாஹாட்டி ஆகிய நகரங்களிலும் இப்பணிக்கு அமைப்புகள் உள்ளன. வெளி மாநிலத் தமிழர்க்கு மிக வேண்டிய மாற்றம் ஒன்று 2023 பிப்ரவரியில் வந்தது. அதுவரை சில மாநிலங்கள் தம் மாநிலத்தவர் என்னும் சான்று இருந்தாலன்றி வரிசையில் பதிவு செய்யவில்லை. அந்நிபந்தனையை நீக்க வேண்டும், 65 வயது என்னும் வரம்பும் கூடாது, பதிவுக்குக் கட்டணமும் கூடாது என்று மத்திய அரசு அறிவித்தது. எந்த மாநிலத்தில் பதிவு செய்வதென்பதை, சிகிச்சைக்குப் பின் ஆண்டுக்கணக்கில் வந்து போக வசதியான இடம் எது என்று எண்ணித் தீர்மானிப்பதே அறிவுடைமை.

எஞ்சியிருப்பது சான்றுகளைப் பற்றிய கட்டளை. விலைக்கு உறுப்பு வாங்கிய பழங்கதையால் வந்த எச்சரிக்கை இது. நம்மைச் சந்தேகிப்பதாக வருந்த வேண்டுவதில்லை. மொழிபெயர்ப்புத் துறையில் இருக்கும் நாம் இதில் கண்ட இடர் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம்மவர் பெயர் ஒரு காகிதத்தில் தலைப்பெழுத்தோடும், மற்றொன்றில் தந்தை பெயர் பின்னால் நீண்டும், வேறொன்றில் ஊர்ப்பெயரே குடும்பப்பெயராகவும் நிற்கிறது. தந்தையும் மகனும் வேறு வேறு குடும்பத்தார் போல் வடநாட்டு அதிகாரியின் கண்ணுக்குத் தோன்றுவர். ஆகவே பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றை முன்னதாகவே எடுத்துப் பெயர்களை ஒத்துப் பாருங்கள். தமிழில் உள்ளவற்றை மொழிபெயர்த்துச் சான்றொப்பம் பெறுங்கள். பெயரில் வேற்றுமை இருப்பின் பிரமாணப் பத்திரம் எழுதி வையுங்கள். நோய் முற்றிய பின் ஒரு தலைப்பெழுத்துக்காகச் செலவாகும் வாரம், விலைமதிப்பற்ற வாரம்.

அம்மூதாட்டியாருக்கு இவ்வளவையும் ஒரே நாளில் நாம் சொல்லவில்லை. தாளின் ஓரத்தில், ஒவ்வொரு கட்டளைக்கும் நேரே, அதன் காரணத்தை ஒரு வரியில் தமிழில் எழுதிக் கொடுத்தோம். மருந்தின் வரிக்கு நேரே, "ஆபரேஷன் நன்றாக முடிந்தும், தக்க மருந்து இல்லாமையால் பதினைந்து ஆண்டுக் காலம் மூவரில் இருவர் பிழைக்கவில்லை" என்று எழுதினோம். அவர் அதனை விரலால் தொட்டு இருமுறை வாசித்தார். "அப்படியானால் மாத்திரை நேரத்தை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று கூறித் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.